வடிகட்டியில் இறங்காதது

பெர்கன், நார்வே
4 ஜூன் 2024

அன்புள்ள நீரு,

வாட்ஸப்பில் நீல டிக் விழுந்தும் பதில் இல்லை. அதனால்தான் மின்னஞ்சல். மயிலாப்பூர் வெயில் எப்படி? இங்கே ஓயாத மழை.

மண்டபம் கடற்கரையிலிருந்து நீ அனுப்பிய பழுப்புக் கடற்பாசியைத்தான் நானும் கொதிக்க வைக்கிறேன். உனக்கு அதிலிருந்து மருந்துக்கு வேண்டிய ஃபியூகாய்டன் மட்டும் சுத்தமாக இறங்குகிறது. எனக்கோ வேண்டாத ஆல்ஜினேட் பசையும் சேர்ந்து கரைந்து, வெண்டைக்காய்க் குழம்பாக வடிகட்டியிலேயே நிற்கிறது. எங்கள் பேராசிரியை உன் கட்டுரையில் வந்த வரைபடத்தை என் மேஜைக்கு மேல் ஒட்டிவிட்டார். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறதுடீ. ஆகஸ்டுக்குள் சரிவராவிட்டால் என் வேலையை நீட்டிக்க மாட்டார்கள். எதை மறைக்கிறாய், சொல்.

உன்
மதுவந்தி

சென்னை
19 ஜூன் 2024

அன்புள்ள மது,

மறைக்க என்ன இருக்கிறது? கட்டுரையில் எழுதியபடிதான் செய்கிறேன். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

உனக்கா வயிறு எரிகிறது? அந்த பெர்கன் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு இருவரும்தான் போனோம். இடம் உனக்குக் கிடைத்தது. மாட வீதியில் உன் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாலே என் அம்மா ஆரம்பித்துவிடுகிறாள்: "மது பனியில நின்னுண்டு போட்டோ அனுப்பியிருக்காளாம். நீ இங்க பாசியைக் கிண்டிண்டு இருக்கே." நீயும் அங்கே பாசியைத்தான் கிண்டுகிறாய் என்றால் நம்புகிறாளா?

முதல்முறையாக ஒன்றில் உன்னை முந்தியிருக்கிறேன். கொஞ்ச நாள் அனுபவித்துக்கொள்கிறேனே.

நீரஜா

சென்னை
27 ஜூலை 2024

மது,

கொட்டிவாக்கத்தில் எங்கள் ஆய்வகத்துச் சுத்திகரிப்பு இயந்திரம் எப்போதோ கெட்டுப்போய், போர் தண்ணீரை அப்படியே விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. குழாயில் வருவது சுத்த நீர் என்றே எல்லோரும் நம்பினோம். போன வாரம் பழுது பார்த்தார்கள். அன்றே என் சாறும் உன்னுடையதைப் போல வடிகட்டியில் நின்றுவிட்டது.

கால்சியம்தான். அந்தக் கடலோரத் தண்ணீரில் அது ஏராளம். கால்சியத்தைக் கண்டால் ஆல்ஜினேட் கெட்டியாகிப் பாசிக்குள்ளேயே தங்கிவிடும். ஃபியூகாய்டன் அதைக் கண்டுகொள்ளாமல் வெளியே வந்துவிடும். என் கைத்திறன் என்று நான் நினைத்தது வெறும் போர் தண்ணீர்.

நீ கால்சியம் குளோரைடு சேர்த்துக் கொதிக்க வை. சரியாக வரும்.

ஆகஸ்ட் முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நீ பெட்டியோடு விமான நிலையத்தில் வந்து இறங்குவதை நினைத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. பிறகு சோறு இறங்கவில்லை. என் கட்டுரைக்கும் திருத்தம் அனுப்பிவிட்டேன்.

உனக்கு நீட்டிப்பு கிடைத்துவிடும். அந்தச் செய்தியை மட்டும் எனக்கு எழுதாதே. சந்தோஷம் என்று பதில் போட என்னால் ஆகாது, மது.

நீரஜா