காப்பார் மண்டபத்தில் ஒரு கண்ணாடி

அன்பு மகள் நித்யாவுக்கு, உன்னை வளர்த்து ஆளாக்கியவனும், வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்து தொப்பையை மட்டும் காப்பாற்றிக்கொண்டவனுமான உன் சித்தப்பா எழுதுவது. தண்டாயுதபாணி புண்ணியத்தில் நானும் சித்தியும் நலம், பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் அவ்வாறே இருக்க வேண்டும். இனி நான் சொல்லப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

நம் காப்பார் ஊரில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறியதும் எங்களைப் பள்ளி மண்டபத்தில் கொண்டுபோய் விட்டார்கள். இருநூறு பேர், நாலு குழாய். மறுநாளே ஐந்து பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. பார்க்க வந்த தாதி, இன்னும் ஒரு பிள்ளை படுத்தாலும் சமையலறையைப் பூட்டிவிடுவோம், அப்புறம் எல்லாருக்கும் ரொட்டிப் பொட்டலம்தான் என்று சொல்லிவிட்டார். அந்தச் சமையலறைக்குத் தலைவி உன் சித்தி தெய்வானை. வீடு மூழ்கியபோது கலங்காதவள் இதற்குக் கண் கலங்கினாள். நான் சிங்கம்போல எழுந்து கைகழுவும் இலாகாவை ஏற்றுக்கொண்டேன். கிருமியை நண்டு அளவுக்கு வரைந்து குழாயடியில் ஒட்டினேன், பிள்ளைகள் அதற்கு மீசை வைத்தார்கள். மைக்கில் ஏழு மணி நேரம் முழங்கினேன், ஜனங்கள் கை தட்டிவிட்டு, தட்டிய அதே கையோடு சாப்பிட உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டு வேலாயுதம் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீடே போயிருச்சி அண்ணே, இனி கிருமி வந்து எதத் தூக்கிட்டுப் போவப் போவுது லா என்று ஆறுதல் சொன்னான்.

மண்டபத்தில் எங்களுக்குப் பக்கத்துப் பாயில் படுத்த ஹாஜிரா, டிவியை வெள்ளத்துக்கு விட்டுவிட்டு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தலையில் சுமந்து வந்த மகராசி. வைக்க இடமில்லாமல் அதைக் குழாய்க்கு மேலே மாட்டினார். மூன்று நாளாகத் தன் முகத்தையே பார்க்காத ஜனம். பொட்டைச் சரிசெய்ய, தலைவார, இன்னும் மனுசனாகத்தான் இருக்கிறோமா என்று பார்க்க, வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர் சும்மா திரும்ப முடியுமா, பின்னால் நிற்பவர் கண் கண்ணாடிக்குள்ளிருந்து நம் கையையே பார்க்கிறது. வெட்கத்துக்காவது சோப்பைத் தொட்டார்கள். வரிசை பந்திங் ஊர் வரைக்கும் போனது. நுரை பொங்கி கிள்ளான் ஆற்றில் படகுகள் சிக்கிக்கொண்டன. ஒரு முதலை வந்து முன்னங்கால் இரண்டையும் நீட்டியது, வரிசையில் நின்ற மாரியாயி அக்கா அதைப் பார்த்து, பின்னால போய் நில்லு லா, இங்க எல்லாரும் ஒன்னுதான் என்று விரட்டினார். அதன் பிறகு ஒரு பிள்ளையும் படுக்கவில்லை, சித்தியின் அடுப்பும் அணையவில்லை.

இப்போது வீட்டுக்கு வந்து சேறு அள்ளுகிறோம். சித்தி போனில் அழுதால் நம்பி விமானம் ஏறிவிடாதே, அது வெள்ளத்தில் போன குளிர்பெட்டிக்காக அழுவது. வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே.

இதில் எதையும் நீ நம்ப வேண்டாம். ஆனால் பின்னால் நிற்பவர் கண் என்று எழுதினேனே, அந்தச் சின்னத் துண்டு மட்டும் நிஜம். அது ஹாஜிராவின் மகள் அஃப்ரினின் கண். முதலில் படுத்த ஐந்து பிள்ளைகளில் ஒருத்தி, அன்றுதான் எழுந்து நின்றாள். விரல் நுனியை நனைத்துவிட்டு நழுவப் பார்த்த கை என்னுடையது.

மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லிவிடாதே. நீங்கள் இருவரும் நூறாண்டு வாழ, முழங்கை வரை கழுவிய கையால் ஆசீர்வதிக்கும்,
சித்தப்பா சேவுகன்