ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஒரு விசிறி

இன்று காலை தொழிற்சாலையில் பொதி கட்டும் இயந்திரம் ஒன்று நின்றுபோனது. அதன் கட்டுப்பாட்டுப் பலகையை வெளியே எடுத்து, விட்டுப்போயிருந்த வயரை நானே சோல்டர் பண்ணினேன். ஈயம் உருகும்போது வருகிற அந்தப் பிசின் புகை மூக்கில் ஏறியதும் என் கை நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற டெக்னீசியன், "மேடம், சுட்டிருச்சா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அந்தப் புகையோடு என் நினைவில் நீ வந்து நின்றாய். புகையை ஊதித் தள்ளி, கண்ணைச் சுருக்கி, "தள்ளு, ஒனக்கு கை ஆடுது" என்று சொல்லிச் சோல்டரிங் அயனைப் பிடுங்கிக்கொள்ளும் நீ.

பல்கலைக்கழகத்தின் மெக்காட்ரோனிக்ஸ் பிரிவில் நம் வருடத்தில் மாத்தளைப் பக்கத்தவர்கள் நாம் இருவர்தான். நீ மாத்தளை டவுனில் கராம்பும் மிளகும் வாங்கி விற்கும் சரக்குக்கடை வைத்திருந்தவரின் மூத்த மகள். நான் ரிவர்ஸ்டன் போகிற வழியில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். நான் என்ன படிக்கிறேன் என்று தோட்டத்தில் கேட்டவர்களுக்கு என்னால் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. ஒரு விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த நீதான் என் அம்மாவுக்குச் சொன்னாய்: "மெசினுக்கு கண்ணும் கையும் மூளையும் வைக்கிற படிப்பும்மா."

அம்மா யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப கொழுந்து எடுக்கவும் மெசின் வந்துருமே. நாங்க என்னா செய்யிறது?"

திரும்பும் பஸ்ஸில் ரத்தோட்டை வரும்வரை அதையே பேசினாய். கடைசி வருடச் செயற்திட்டத்துக்கு என்ன செய்வது என்று மற்றவர்கள் நடக்கும் ரோபோவும் கோடு பார்த்து ஓடும் காருமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, நீ கராம்பு காயவைக்கும் அறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். மழை விடாத நாட்களில் கராம்பு பூசணம் பிடித்துப் போவதைக் கடையில் பார்த்து வளர்ந்தவள் நீ. "வெயில் செய்யிற வேலைய மெசின் செய்யட்டும். அதனால யாருக்கும் வேலை போகாது" என்றாய்.

அப்படித்தான் அந்தப் பெட்டி உருவானது. பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்று; அதற்குள் ஒரு சர்க்கிட், பேட்டரி, சின்ன விசிறி; வெளியே நீண்ட வயரின் நுனியில் சூட்டை உணரும் சென்சர். பலாபத்வலையில் உன் மாமாவின் கராம்பு அறையில் அதைப் பரீட்சித்துப் பார்க்கக் கிளம்பினோம்.

யுத்தத்தின் கடைசிக் காலம் அது. டப்பாவும் வயரும் பேட்டரியும் சேர்ந்தால் பார்ப்பவர்களுக்கு என்னவாகத் தெரியும் என்று, இயந்திரத்துக்கு மூளை வைக்கப் படித்துக்கொண்டிருந்த நம் இருவருக்கும் தோன்றவே இல்லை. சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பை திறக்கப்பட்டதும் சுற்றி நின்றவர்கள் ஒரேயடியாக விலகினார்கள். அந்த வெற்றிடத்தின் நடுவே நாம் நின்றோம்.

காவல் நிலையத்தில் அடையாள அட்டைகளில் உன் முஸ்லிம் பெயரையும் என் தமிழ்ப் பெயரையும் பார்த்த அதிகாரி உன்னிடம், நீ போகலாம் என்றார். என் அட்டை அவர் மேசையிலேயே இருந்தது.

"நீ போ. வீட்டுல தேடுவாங்க" என்றேன்.

நீ என்னைப் பார்க்கவே இல்லை. அவரிடம் சிங்களத்தில், "பெட்டி ரெண்டு பேருடையது சேர். செய்தது ரெண்டு பேரும்தான்" என்று சொல்லிவிட்டு என் பக்கத்து வாங்கில் உட்கார்ந்தாய்.

எத்தனை முறை விளக்கியும் அவர் நம்பவில்லை. கடைசியில் நீ அவருடைய தேநீர்க் கோப்பையைக் காட்டி, "சேர், அதக் கொஞ்சம் தாங்க" என்று கேட்டாய். சென்சரை ஆவிக்கு மேலே பிடித்தாய். விசிறி சுழன்றது. எடுத்தாய், நின்றது. அவர் கோப்பையைத் திரும்ப வாங்கி, தானே ஒருமுறை பிடித்துப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை. அதன் பிறகுதான் நம் விரிவுரையாளருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். பொழுது சாயும் நேரம் நம்மை விட்டார்கள். பெட்டி விசாரணைக்கு என்று அங்கேயே தங்கிவிட்டது. அது திரும்பி வரவே இல்லை.

நீயும் வரவில்லை. அடுத்த கிழமை வகுப்பில் உன் கதிரை காலியாக இருந்தது. சந்தேகம் விழுந்தது என்மீது, படிப்பு நின்றது உனக்கு. இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை. பொறுக்காமல் மாத்தளைக்கு வந்து உன் வீட்டுக் கதவைத் தட்டினேன். உன் வாப்பா என்னை உட்காரச் சொல்லி, உன் உம்மாவைத் தேத்தண்ணி போடச் சொன்னார்.

"மக, ஒங்கள்ல எனக்கு ஒரு கோவமும் இல்ல," என்றார். "ஆனா அன்டைக்கு அந்த பொலிஸ் வாசல்ல நின்ட நெலம எனக்குத்தான் தெரியும். இன்னொருக்கா அப்பிடி நிக்க எனக்கு ஏலாது."

அவரோடு என்ன வாதாடுவது? கதவோரம் நின்ற நீ, "நீ செஞ்சி முடி. நிப்பாட்டிராத" என்று மட்டும் சொன்னாய்.

தனியாக இன்னொரு பெட்டி செய்தேன். அது மோசமாக நடந்துகொண்டது. குறித்த சூடு வந்ததும் விசிறி ஓடுவதும் நிற்பதும் ஓடுவதுமாக, ஓணான்போலத் தலையாட்டிக்கொண்டே இருந்தது. நானும் அப்படித்தான் இருந்தேன். வகுப்பில் இருக்க முடியாமல் எழுந்து போவேன், போன இடத்திலும் நிற்க மாட்டேன். ஒருநாள் தொலைபேசியில் உன்னிடம் புலம்பியபோது, "ஓடுற சூட்டுக்கும் நிக்கிற சூட்டுக்கும் நடுவுல கொஞ்சம் எடம் விடு. ஒரே புள்ளியில வெச்சா அது எப்பிடி நிக்கும்?" என்றாய். சமையலறையில் நின்று பேசியிருப்பாய். பாத்திரச் சத்தம் கேட்டது. அன்றே அதைச் சரிசெய்தேன்.

அடுத்த வருடம் உன் வாப்பாவே உன்னைக் கூட்டி வந்து விட்டார். எப்படிச் சம்மதிக்க வைத்தாய் என்று நீ சொல்லவில்லை. "பேசிட்டே இருந்தேன்" என்றாய். கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்து படித்து, என்னைவிட நல்ல பெறுபேறோடு வெளியேறினாய். மாமாவின் அறைக்கு உலர்த்தியும் செய்து கொடுத்தாய். அதற்குள் நான் கட்டுநாயக்கவில் வேலையில் சேர்ந்து, நல்ல சம்பளம், நல்ல பெயர் என்று அமர்ந்துவிட்டேன். மாத்தளையில் ஒரு சின்னப் பட்டறை போடுவோம், வா என்று நீ கூப்பிடும்போதெல்லாம் அடுத்த வருடம் பார்ப்போம் என்பேன்.

பிறகு உன் இரத்தத்தில் வந்த நோய் நமக்கு வருடங்கள் தரவில்லை.

கண்டி ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது, உன் கையில் மருந்து ஏற்றும் கருவி ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. "டியூபுல காத்து. அதான் கத்துது. நர்ஸ் மிஸ்ஸுக்கு நேத்தே சொன்னேன்" என்றாய். மெலிந்துபோன முகத்தில் அந்த எரிச்சல் மட்டும் முழுசாக இருந்தது. பிறகு, இந்தக் கிழமை என்ன செய்தாய் என்று என்னிடம் கேட்டாய். பிஸ்கட் பொதி கட்டும் வரிசையின் வேகத்தைக் கூட்டியதைச் சொன்னேன். முழுவதையும் கவனமாகக் கேட்டாய்.

"அது ஒனக்குப் போதுமா?" என்றாய்.

குத்தலாகக் கேட்கவில்லை. அறிய விரும்பித்தான் கேட்டாய். நான் பதில் தேடுவதற்குள் நர்ஸ் வந்துவிட்டார்.

ஒவ்வொரு கிழமை முடிவிலும் வேலைத்தளத்துக் கதவைப் பூட்டும்போது அந்தக் கேள்வி என்னோடு கூட வருகிறது. பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்தில் உட்காருகிறது. இத்தனை நாளும் அதற்கு ஏதேதோ சமாதானம் சொல்லிப் பார்த்தேன். இன்று உனக்கு உள்ளபடியே சொல்லிவிடுகிறேன்.

போதவில்லை.