இரண்டு ஆறாம் மாதம்

ஆடி 8, வியாழன். அமாவாசை

லாட்ஜில் 3ஆம் ரூம் துடைக்கும்போது பார்த்தது. அங்கே தங்கியிருக்கும் மெய்லிங் அக்கா மாட்டியிருக்கும் சீனக் காலண்டர். பெரிய எண்கள் நம்முடையதுதான், கீழே பொடியாகச் சீன எழுத்து. தொப்பி போட்டுக் காலை அகட்டி நிற்கும் ஆள் மாதிரி ஒன்று. போன அமாவாசையன்று இருந்தது. நாளைக்கும் அதே ஆள், பக்கத்தில் இன்னொரு எழுத்து கூட.

கேட்கவில்லை. எனக்கு வாய் வராது. போன் அடித்தால்கூட அம்மாவிடம் நீட்டிவிடுவேன்.

அம்மா இங்கேயே சமையல். வெங்காயம் உரித்துக்கொண்டே: "ஆடி போவட்டும்னுதான் இருக்காங்க. ஆவணி பொறந்ததும் செங்கத்துக்காரங்க உன்னைப் பொண்ணு பாக்க வராங்க. மாமா பேசிட்டாரு."

"எனக்குப் பதினேழும்மா."

"பதினெட்டு நடக்குதில்ல?"

ஆடி 10, சனி. வெயில்

வாங்க: பினாயில், துடைப்பம், கொசுவத்தி.

மெய்லிங் அக்கா மலேசியா. தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்தவர். நம்மைப் போலவே பேச்சு, கடைசியில் மட்டும் ஒரு "லா". நான் காலண்டரையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"அது ஆறு லா. இந்த வருஷம் எங்களுக்கு ஆறாம் மாசம் ரெண்டு."

அவர்களுக்கு நிலாவை வைத்து மாதம். அமாவாசையில் தொடங்கும், பௌர்ணமி பதினைந்து. ஆனால் பன்னிரண்டு நிலா சேர்ந்தாலும் சூரியனின் வருடத்துக்குப் போதாது. விட்டுவிட்டால் அறுவடைப் பண்டிகை கோடையில் வந்து நிற்கும். அதனால் சூரியன் போகும் வழியில் இருபத்துநாலு இடம் குறித்திருக்கிறார்கள். ஒன்றுவிட்டு ஒன்று முக்கியமான இடம். முக்கியமானது எதுவும் விழாத மாதம் வந்தால் அதற்குத் தனி எண் இல்லை. முந்தின மாதத்தின் எண்ணே மறுபடியும்.

நம் ஆடி அப்படியில்லை. சூரியன் கடகத்தைத் தாண்டினால் ஆவணி.

போர்வை காயப்போடும்போதும் இதே நினைப்பு. நமக்கும் இன்னோர் ஆடி வந்தால், அவர்கள் பொண்ணு பார்க்க வருவது ஒரு மாதம் தள்ளும்.

ஆடி 17, சனி

ஜாஸ்தி காற்று. கொடியில் போட்ட தலையணை உறை ஒன்று காணோம்.

மெய்லிங் அக்கா டீக்கு சமையலறைக்கே வந்தார். வயசுப் பேச்சு.

"எங்க பழைய கணக்குல பொறந்தப்பவே ஒரு வயசு. புது வருஷம் வந்தா எல்லாருக்கும் ஒண்ணு ஏறும். உனக்கு இப்பவே பதினெட்டு லா."

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கேட்டியாடி? சீனாக்காரங்களே சொல்லிட்டாங்க. கல்யாண வயசுதான்."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "கல்யாணமா? அந்தப் பழைய கணக்கு வயசைச் சொன்னா எங்க ஊர்ல ஸ்கூட்டர் லைசென்ஸ்கூட தர மாட்டாங்க, பொறந்த தேதிதான் கேப்பாங்க, ஆன்ட்டி."

அம்மா பாலைக் கிளறினாள். அக்கா என்னைப் பார்த்தார். நானே சொல்லியிருக்க வேண்டியது. டம்ளரைக் கழுவினேன்.

ஆடி 23, வெள்ளி. பௌர்ணமி

ரூம் எல்லாம் ஃபுல். செங்கம் ரோட்டில் மதியமே கிரிவலம் நடக்கிற கூட்டம்.

அக்கா காலண்டரில் இன்று பதினைந்து. நேற்றோடு அவர்களுக்குக் கோடை முடிந்ததாம். அதுவும் சூரியனின் அந்த இருபத்துநாலு இடங்களில் ஒன்றுதான். ஆனால் சின்னது, மாதத்துக்கு எண் தராது.

கிரிவலம் கிளம்பும்போது ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே சிரித்தார். "ஒரு மாசம் சும்மா கிடைச்சுதுன்னு நினைச்சேன். அதுலயும் பாதி போச்சு லா."

பாத்திரம் துலக்கும்போது அதுவே காதில். இன்னோர் ஆடி வந்திருந்தாலும் அதிலும் பேசாமல்தான் இருந்திருப்பேன்.

அம்மா: "மாமா கூப்பிடுவாரு. அவங்க வர்ற நாளை நல்லா கேட்டுக்கணும்."

மனசுக்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தது: வர வேணாம்னு சொல்லிடுங்க மாமா.

கையைத் துடைத்துக்கொண்டு அலமாரி மேலிருந்த போனை எடுத்தேன். நானே மாமாவுக்குப் போட்டேன். அம்மா கரண்டியோடு திரும்பினாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது. வைக்கவில்லை.