ஏழாம் காம்பராவின் பலகை

மிஸ்,

இன்று காலை டர்பைன் அறைக் கதவைத் திறந்ததும் அந்த வாசம் வந்தது. பழைய எண்ணெயும் ஈர மண்ணும் கலந்த வாசம். நீங்கள் இங்கிருந்து டிஸ்பென்சரிக்குத் திரும்பும்போது, மருந்து நெடியையும் மீறி உங்கள் சேலையில் அதுதான் இருக்கும். படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் யாழ்ப்பாணத்தில் கண்மூடிய செய்தி வந்து நாலு மாதமாகிறது. கடைசியாக முகம் பார்க்க வர முடியாத குறையை இங்கே உட்கார்ந்துதான் ஆற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பதுளையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற ஆசிரியர்கள் இதை இப்போது நிலத்தடி அருங்காட்சியகம் என்கிறார்கள். நமக்கு இது பள்ளத்து அறைதான். பழைய தேயிலை பேக்டரிக்கு அடியில், பன்னிரண்டு படி இறங்கினால், வெள்ளைக்காரத் துரைமார் காலத்து டர்பைன் ஓடிய இடம். "மண்ணுக்குள்ள போனத எடுத்து மறுபடி மண்ணுக்குள்ளயே வைக்கிறீங்களே மிஸ்" என்று கேலி செய்தேன். "துரையிட்டக் கேட்டு பங்களாவில ஒரு அறை எடுத்துத் தாங்கோ பார்வதி, அங்க வைக்கிறன்" என்றீர்கள். தோட்டத்தை நிர்வகிக்கிற துரை இந்த அறையைத் தந்ததே பெரிய காரியம்.

மண்சரிவில் நம் டிவிசனின் கீழ் லயம், ஒரே கூரையில் இருந்த ஒற்றையறைக் காம்பரா வீடுகளோடு மூடிப்போனது. மனிதர்களைத் தேடி எடுத்துவிட்டு இயந்திரங்கள் போய்விட்டன. பானை சட்டியைத் தேட எங்களில் எவருக்கும் தெம்பில்லை. ஊசி போட்டே பழகிய கையில் மண் கிளறும் இரும்பு முள்ளைப் பிடித்துக்கொண்டு நீங்கள் இறங்கினீர்கள். "மிஸ்ஸுக்குப் புத்தி பேதலிச்சிருச்சு" என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அப்புறம் பிள்ளைக்காம்பராவில் நான் பார்த்துக்கொள்ளும் கைக்குழந்தைகளைத் தாய்மாரிடம் ஒப்படைத்த கையோடு, நானும் ஒரு முள்ளைத் தூக்கிக்கொண்டு உங்கள் பின்னால் வந்தேன்.

ஒரு ரேடியோ கிடைத்தது. ஒரு அம்மிக்கல், பிளாஸ்டிக் உறைக்குள் நனையாமல் கிடந்த ஒரு பரீட்சைச் சான்றிதழ், ஒற்றைக்கால் கொலுசு. எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, லயத்தில் வீடுகள் இருந்த அதே வரிசையில் காம்பராவுக்கு ஒரு பலகையாக அடித்து வைத்தீர்கள். கேட்டு வந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தீர்கள். வர ஆளில்லாத வீடுகளின் சாமான்கள் இங்கேயே தங்கின. ஏழாம் காம்பரா என் தங்கை ராணியின் வீடு. ராணியும் அவள் புருசனும் அந்தச் சரிவிலேயே போய்விட்டார்கள். அவர்கள் பலகையில் நம்பர் மட்டும்தான் இருந்தது. ஒரு கரண்டிகூடக் கிடைக்கவில்லை.

அப்படியிருக்கும்போது ஒரு மத்தியானம் பிள்ளைக்காம்பரா வாசலில் மூச்சு வாங்க வந்து நின்றீர்கள். கையில் ஒரு பித்தளைக் குடம், ஒரு பக்கம் நசுங்கி.

"உங்கட குடம் கிடைச்சிட்டுது பார்வதி. இஞ்ச பாருங்கோ, உங்கட பேர்."

கழுத்தில் க. பார்வதி என்று வெட்டியிருந்தது. உங்கள் ஊர் வழக்கம் எப்படியோ, எங்கள் பக்கம் கல்யாணத்துக்குக் கொடுக்கிற பாத்திரத்தில் கொடுக்கிறவர் பெயரைத்தான் வெட்டுவோம். அது ராணியின் கல்யாணத்துக்கு நான் கொடுத்த குடம்; பெயரைப் பார்த்து என்னுடையது என்றே நினைத்துவிட்டீர்கள். அத்தனை நாளில் நீங்கள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "ஆமாங்க மிஸ், என்னோடதுதான்" என்று வாங்கிக்கொண்டேன்.

ஒரு வருசத்துக்குப் பிறகு நம் தோட்டத்தில் ஒரு கல்யாணம். மணவறைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த பாத்திரங்களை நீங்கள் குனிந்து ஒவ்வொன்றாக வாசித்தீர்கள். மாமன் பெயர், பெரியப்பா பெயர், என் பெயர். பெண்ணின் பெயர் ஒன்றிலும் இல்லை. உங்கள் முகம் மாறியதை அந்தக் கூட்டத்திலும் கவனித்தேன். சாப்பிடாமலே போய்விட்டீர்கள். மறுநாள் என் குசினியில் வந்து நின்றீர்கள்.

"அது தங்கச்சியின்ர குடம், என்ன?"

"ஆமாங்க மிஸ்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்க அவ்வளவு சந்தோசமா கொண்டாந்தீங்க."

அது பாதி உண்மை. மீதியை அன்று உங்களிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். என் வீட்டில் அந்தக் குடத்தில் தினமும் தண்ணீர் நிறைந்திருந்தது. கீழே பலகையில் கவிழ்த்து வைத்தால், ராணி செத்துப்போனாள் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். எனக்கு அதற்குத் துணிச்சல் இல்லை. நீங்கள் அதை அன்றே கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

"எப்ப உங்களுக்கு மனம் வருதோ, அப்ப கொண்டு வாங்கோ. பலகை அங்கயே இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

ஓய்வுபெற்று ஊருக்குப் போகும்வரை அந்தப் பேச்சை நீங்கள் மறுபடி எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் மாதத்துக்கொரு தரம் போன் பண்ணி, அறையில் தண்ணீர் ஊறுகிறதா, ரேடியோவைக் கரப்பான் அரிக்கிறதா, என் முழங்கால் எப்படி என்று எல்லாம் கேட்டீர்கள். குடத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. நானும் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று மனதுக்குள் தள்ளிக்கொண்டே வந்தேன். நீங்கள் இருக்கும்போதே கொண்டுபோய் வைத்து, "வச்சிட்டேன் மிஸ்" என்று போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது எனக்கு ஆறவே ஆறாது.

நீங்கள் போன செய்திக்குப் பிறகு ஒருநாள் இங்கே தனியாக நின்று பார்த்தேன். சாமான்களுக்குப் பக்கத்தில் வைத்த எல்லா அட்டையிலும் உங்கள் கையெழுத்து, எத்தனையோ பேருடைய பெயர். உங்கள் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. மறுவாரமே, ராணியின் பலகையில் வைக்குமுன், குடத்தை உரப்பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிப் பதுளைக்குப் போனேன். கடைத்தெருவில் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற பெரியவரிடம் குடத்தை நீட்டி, என் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் வேண்டும் என்றேன். ராணிக்கு அதைக் கொடுத்தது நான். எனக்குக் கொடுத்தது நீங்கள்.

"என்ன பேருங்க?" என்றார்.

உங்கள் முழுப்பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் இந்தத் தோட்டத்தில் ஒருவருக்கும் விளங்காது.

"மிஸ்னு போடுங்க."

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டார். "எந்த மிஸ்னு பின்னால வர்றவங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"கேக்கட்டுங்க" என்றேன். "கேட்டா நான் சொல்றேன்."