கார்த்திகையில் தொடங்கிய பயணம்

12 நவம்பர் 1964, வியாழன்

எட்டாம் வகுப்புக்கு அசோகர் பாடம். மகனையும் மகளையும் இலங்கைக்கு அனுப்பி வைத்தார் என்று சொல்லிக்கொண்டே வரைபடத்தில் அநுராதபுரத்தைத் தொட்டேன். விரல் அங்கேயே நின்றுவிட்டது. முன் வரிசையில் ஒருத்தி, "டீச்சர், நீங்க அங்குட்டுப் போயிருக்கீகளா?" என்று கேட்டாள். "அடுத்த மாசம் போறேன்" என்றேன். வகுப்பே கை தட்டியது.

சொல்லியாகிவிட்டது. இனிப் பின்வாங்கினால் பிள்ளைகள் முகத்தில் விழிக்க முடியாது. இலங்கைக்குப் போகிற ரயில் தினமும் இந்தக் காரைக்குடி வழியாகத்தான் போகிறது. ஊரில் பாதிப் பேரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது, என்னைத் தவிர.

15 நவம்பர், ஞாயிறு

மூன்று பேருக்கும் பாஸ்போர்ட், விசா கைக்கு வந்துவிட்டன. எனக்கு, இவருக்கு, என் தம்பி ஆசைத்தம்பிக்கு. தரையில் வரைபடத்தை விரித்துப் போட்டு உட்கார்ந்தோம். தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில். அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா. பிறகு கண்டி. அங்கிருந்து மலை ஏறி நுவரெலியா. மேகம் வீட்டுக்குள் வந்து போகுமாம். அதை நான் பார்க்க வேண்டும்.

இவர் தச்சர் அல்லவா, அவருக்கு மலையும் வேண்டாம், மேகமும் வேண்டாம். கண்டிக்குப் பக்கத்தில் மரத்தூண்களில் செதுக்கு வேலை நிறைந்த கோயில் ஒன்று இருக்கிறதாம். "அதை ஒருநாள் முழுக்கப் பாக்கணும்" என்றார். பதினொரு வருஷத்தில் இவர் வாய்விட்டு ஒன்று வேண்டும் என்று கேட்டது இதுதான் என்று நினைக்கிறேன். ஆசைத்தம்பிக்குக் கொழும்பில் ரேடியோ நிலையத்து வாசலில் நின்றால் போதும்.

இவருடைய அக்கா மீனம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கோயிலுக்குப் போறீகளா, ஊர் சுத்தப் போறீகளா?" என்றார். கதிர்காமத்துக்கும் போகிறோம் மதினி, உங்கள் வேண்டுதலை மறக்கவில்லை என்றேன். எனக்குப் பிள்ளை பிறக்க வேண்டும் என்று அவர் முருகனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறான். அம்மா போனபோது ஆசைத்தம்பிக்கு ஆறு வயது. குளிப்பாட்டி, சோறு ஊட்டி வளர்த்தேன். இப்போது என்னைவிட ஒரு முழம் உயரம்.

29 நவம்பர், ஞாயிறு

மதினிக்கு இன்றுதான் தேதி உறைத்திருக்கிறது. அரைப் பரீட்சை முடிந்து டிசம்பர் இருபத்து மூன்றில் கிளம்புகிறோம் என்றதும் பஞ்சாங்கத்தை எடுத்து வந்துவிட்டார்.

"மார்கழியிலயா? கடல் தாண்டுற பயணத்தை யாராச்சும் மார்கழியில தொடங்குவாகளா?"

பள்ளிக்கூடத்து லீவு பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். பஞ்சாங்கத்தை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

2 டிசம்பர், புதன்

சண்டை. இவர் வழக்கம்போல உளியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "தை மாசம் போங்க, சித்திரையில போங்க, யாரு வேணாம்னா?" என்கிறார் மதினி. சித்திரையில் விசா இருக்காது. விசா இருந்தால் இவருக்கு வேலை ஒழியாது. இப்படியே தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு — நான் எப்பத்தான் போறது? வரைபடத்துலயே விரலால நடந்து செத்துப்போக வேண்டியதுதானா?

அழுதேன். எனக்கே பிடிக்கவில்லை.

5 டிசம்பர், சனி

வழி கிடைத்துவிட்டது. மதினியின் சாஸ்திரத்திலேயே கிடைத்துவிட்டது!

பரஸ்தானம். நல்ல நாளில் கிளம்ப முடியாதவர்கள், அந்த நாளில் ஒரு துணிமூட்டையையாவது கொண்டுபோய் வேறு வீட்டில் வைத்துவிடுவார்கள். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் கிளம்பினாலும் தோஷமில்லை. வைத்தது மட்டும் பயணம் முடியுமுன் திரும்ப வாசல் ஏறக்கூடாது. ஏறினால் பயணம் கெட்டது.

கார்த்திகை முடிவதற்குள் பரஸ்தானம் வைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். மதினி யோசித்தார். "கடல் தாண்டுற பயணத்துக்குப் பக்கத்து வீட்ல வச்சாப் பத்தாதே. ஊர் எல்லை தாண்டணுமே" என்றார். எல்லை என்ன எல்லை, தனுஷ்கோடியிலேயே கொண்டுபோய் வைக்கிறேன் என்றேன். அங்கே ஏகப்பன் அண்ணன் இருக்கிறார். இவரோடு ஒரே பட்டறையில் தொழில் கற்றவர், படகு வேலை செய்கிறார். ஆசைத்தம்பி பெரிய பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போகட்டும், அவர் வீட்டில் இருக்கட்டும். நாங்கள் கைவீசிக்கொண்டு பின்னால் போவோம்.

அவனுக்கும் இங்கே வேலையில்லை. பதினாலு காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்று சட்டம் வந்ததிலிருந்து நகைப் பட்டறையில் ஊதுகுழலுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. தங்கத்தைத் தொட்டுப் பழகிய கை சும்மா கிடக்கிறது.

மதினி சம்மதித்துவிட்டார். எனக்கு இந்தச் சாஸ்திரத்தில் எள்ளளவும் நம்பிக்கை இல்லை. ஆனால் அதை வைத்தே வென்றேனே. பாயசம் வைத்தேன்.

13 டிசம்பர், ஞாயிறு

ஆசைத்தம்பி கிளம்பினான். திங்கட்கிழமை கிழக்கே சூலமாம், அதனால் இன்றே. குன்றக்குடி விபூதியை மதினி நெற்றியில் பூசிவிட்டார். "நீதான் இப்ப பரஸ்தானம். இவுக வந்து கூட்டிக்கிட்டுக் கப்பல் ஏறுற வரைக்கும் நீ இங்குட்டுத் திரும்பக்கூடாது, தெரியுதா?" என்றார்.

"நான் என்ன மூட்டையா மதினி?" என்று சிரித்தான்.

படி இறங்கியபிறகுதான் கம்பளிச் சட்டையை மறந்தது அவனுக்கு நினைவு வந்தது. உள்ளே வரக் காலை வைத்தவனை மதினி கையை நீட்டித் தடுத்தார். வெளியிலேயே நின்றான். நான் எடுத்து வந்து கொடுத்தேன். தன் வீட்டு வாசலில் அன்னியனைப் போல நின்றது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்துவிட்டது. கையைக் காட்டிக்கொண்டே போனான்.

16 டிசம்பர், புதன்

மார்கழி. தெருவெல்லாம் கோலம். அவன் இல்லாமல் வீட்டில் ஒரு பாட்டுச் சத்தம் இல்லை.

17 டிசம்பர், வியாழன்

அவனிடமிருந்து கார்டு. "அக்கா, எங்குட்டுத் திரும்பினாலும் கடல்தான். சோற்றிலும் மணல். கப்பலைப் பார்த்தேன், நம் டவுன் பஸ்ஸைவிடச் சுத்தம். சீக்கிரம் வா."

19 டிசம்பர், சனி

ஏகப்பன் அண்ணன் வந்திருந்தார். ரம்பம் வாங்க வந்தவர், நம் வீட்டில் கை நனைத்துவிட்டுப் போனார். இலையில் உட்கார்ந்தபிறகு மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, தம்பிக்கு மேலு சுடுது. ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடலை. கடல் இரைச்சல்ல தூக்கம் வரலைங்குறான். ஊருக்குப் போயிட்டு உங்களோடயே வந்துரட்டுமான்னு கேட்டுட்டு வரச் சொன்னான்."

மதினி குழம்புச் சட்டியோடு அப்படியே நின்றார். எனக்குத் தெரியும். அவன் இந்த வாசல்படி ஏறினால் பயணம் நின்றது. மறுபடி பஞ்சாங்கம், மறுபடி தை, சித்திரை.

"வேணாம்ணே. நாலு நாள்தானே. பயணத்துக்கு வச்சவன் திரும்பி வந்தா எல்லாம் கெட்டுப்போகும்னு அக்கா சொல்லுச்சுன்னு சொல்லுங்க" என்றேன்.

என் வாயால் சொன்னேன். நம்பாத ஒன்றை, நம்புகிறவளைப் போலச் சொன்னேன். காய்ச்சலுக்கு மாத்திரையும் ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்பினேன். அண்ணன் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

21 டிசம்பர், திங்கள்

மழை இருட்டு. பரீட்சை அறையில் விளக்குப் போட வேண்டியிருந்தது. தந்தி கொடுத்து வரச் சொல்லிவிடலாமா? காய்ச்சலோடு கப்பல் ஏறுவானா? இவரிடம் கேட்டேன். "புதன்கிழமை நாமளே போயிருவோமே" என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன். அதைத்தான் கேட்க விரும்பினேன் போலிருக்கிறது.

22 டிசம்பர், செவ்வாய்

பரீட்சை முடிந்தது. துணி எடுத்து வைத்தாயிற்று. பகலெல்லாம் காற்று. கொல்லையில் முருங்கை முறிந்து விழுந்தது. மதினி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

23 டிசம்பர், புதன்

ஸ்டேஷனுக்குப் போனோம். ரயில் இல்லை. மானாமதுரைக்கு அப்பால் தந்திக் கம்பி பேசவில்லையாம். "வீட்டுக்குப் போங்கம்மா" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

24 டிசம்பர், வியாழன்

கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்கிறார்கள். எந்த ஊருக்குள்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டே இருந்தேன்.

25 டிசம்பர், வெள்ளி

பேப்பரில் வந்துவிட்டது. பாம்பன் பாலம் போய்விட்டது. தனுஷ்கோடி இல்லை. பாம்பனிலிருந்து செவ்வாய் ராத்திரி தனுஷ்கோடிக்குப் போன ரயிலே இல்லை.

ஊர் எப்படி இல்லாமல் போகும்? ஆசைத்தம்பி. ஆசைத்தம்பி. நான்தானே — ஐயோ.

26 டிசம்பர், சனி

இவர் மண்டபத்துக்குக் கிளம்பினார். பஸ்ஸோ லாரியோ நடையோ. என்னைக் கூட்டிப்போக மாட்டேன் என்றுவிட்டார். மதினி எனக்குச் சோறு பிசைந்து கையில் வைத்தார். எப்படித் தின்பது?

29 டிசம்பர், செவ்வாய்

வந்துவிட்டார். தாடியும் சேறுமாக.

ஏகப்பன் அண்ணன் உயிரோடு இருக்கிறார். மணல்மேட்டில் ஏறிச் சம்சாரமும் அவரும் பிழைத்திருக்கிறார்கள். படகில் கொண்டுவந்து மண்டபத்து முகாமில் வைத்திருக்கிறார்களாம். காலில் அடி.

ஆசைத்தம்பி அங்கே இல்லை. அவன் செவ்வாய் மத்தியானமே பையை எடுத்துக்கொண்டு, "அக்கா வஞ்சா வையட்டும், நான் ஊருக்குப் போறேன்" என்று பாம்பன் ரயில் ஏறிவிட்டானாம்! புயலுக்கு முன்னாலேயே! அண்ணனே ஏற்றிவிட்டாராம்.

என் பேச்சைக் கேட்கவில்லை. கேட்காமல் போனானே, என் ராசா. மதினியைக் கட்டிக்கொண்டு அழுதேன். இருவரும் சிரித்தோம். எங்கேயோ வழியில் மாட்டியிருக்கிறான். ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறானோ என்னவோ. இவர்தான் சிரிக்கவில்லை.

3 ஜனவரி 1965, ஞாயிறு

ராமநாதபுரத்தில் இல்லை. பரமக்குடியில் இல்லை.

14 ஜனவரி, வியாழன்

பொங்கல். இவர் வேண்டாம் என்றார். நான்தான் வைக்கச் சொன்னேன். பொங்கல் வைக்காவிட்டால் துக்க வீடாகிவிடும். நம் வீடு துக்க வீடு இல்லை. அவன் பங்கை மூடி வைத்தேன்.

துக்கம் கேட்க இருவர் வந்தார்கள். கேட்க என்ன இருக்கிறது என்று வாசலோடு அனுப்பிவிட்டேன்.

30 ஜனவரி, சனி

பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கிறது. தெருவெல்லாம் இந்தி எதிர்ப்பு ஊர்வலம், கோஷம், போலீஸ். யார் நடந்து போனாலும் அவன் நடை மாதிரி இருக்கிறது. இன்று ஒரு பையன் பின்னாலேயே கடைவீதி முனைவரை போய்விட்டேன். திரும்பிப் பார்த்தான். யாரோ.

7 பிப்ரவரி, ஞாயிறு

ஏகப்பன் அண்ணன் கோலூன்றி வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

பாம்பன் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர் ஒருவரை நேற்றுப் பார்த்தாராம். டிசம்பரில் எங்கள் பெட்டியைத் தூக்கியவர், அதனால் ஆசைத்தம்பியை அடையாளம் தெரிந்தவர். செவ்வாய் சாயங்காலம் மழையில், கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தானாம். மானாமதுரைப் பக்கம் போகிற வண்டிக்கு டிக்கெட்டும் வாங்கியிருந்தானாம்.

"ஏன் தம்பி ஏறலைன்னு அவரு கேட்டிருக்காரு தங்கச்சி. 'நான் திரும்பிப் போனா அக்கா பயணம் கெட்டுப்போகும். அது சின்னப் பிள்ளையிலருந்து ஆசைப்பட்டது. காய்ச்சல்தானே, இருந்துர்றேன்'னு சொல்லிட்டு..."

அண்ணனால் முடிக்க முடியவில்லை. முடிக்கவும் வேண்டாம். ராத்திரி தனுஷ்கோடிக்குத் திரும்பிய ரயிலில் ஏறிவிட்டான்.

கேட்டிருக்கிறான். கடைசியில் என் பேச்சைக் கேட்டிருக்கிறான். ஊருக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பான். கிளம்பாமல் அண்ணன் வீட்டிலேயே படுத்திருந்தால்கூட அவர்களோடு மணல்மேட்டில் ஏறியிருப்பான். ஏன்டா, எம்புட்டு விஷயத்துல என் பேச்சைக் கேக்காம இருந்திருக்க? குளிக்கச் சொன்னாக் குளிக்க மாட்ட, வெள்ளன வீட்டுக்கு வாடான்னா வரமாட்ட. இதுல மட்டும் ஏன்டா கேட்ட?

அண்ணனைக் கும்பிட்டேன். சொன்னதற்கு நன்றி என்றேன். வேறென்ன சொல்வது?

8 பிப்ரவரி, திங்கள்

காலையில் குளித்துவிட்டு இவரிடம் சொன்னேன். ஆசைத்தம்பிக்குக் காரியம் செய்துவிடலாம். மச்சினன்தான், ஆனால் செய்ய வேறு யார் இருக்கிறார்கள், நீங்களே செய்துவிடுங்கள் என்றேன். தலையை ஆட்டினார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். இந்த நாற்பது சொச்ச நாளில் அவர் அழுது இன்றுதான் பார்த்தேன்.

அடுப்படிக்குப் போய் மதினியிடமும் சொன்னேன்.

"என்னைக்கு?" என்று கேட்டார்.

"நாளைக்கே" என்றேன்.

நாளை செவ்வாய்க்கிழமை. மதினி பஞ்சாங்கம் இருந்த மாடத்தின் பக்கம்கூடத் திரும்பவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, எள் வாங்கக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.