கிணத்தடி நிலம்

மே மாசம், வெள்ளிக்கிழமை.

தம்பி முருகனை இன்னிக்கு விழுப்புரம் ஸ்டேஷன்ல ரயில் ஏத்திட்டு வந்தேன். ராணுவத்துலேருந்து ஒரு மாச லீவுல வந்தவன். வந்து ஆறு நாள்தான் ஆச்சு. காலையில அவன் கொல்லையில மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆஞ்சிக்கினு இருந்தப்ப போன் வந்தது. எல்லையில சண்டை, லீவு ரத்து, உடனே கிளம்பி வரணும்னு. கையெல்லாம் மண்ணோட வரப்புல அப்படியே நின்னான். பக்கத்துக் கொல்லையிலேருந்து நான் பாத்துக்கினு இருந்தேன்.

அப்பாவோட நிலத்தைப் பங்கு போடத்தான் இந்த லீவையே எடுத்தான். கிணத்தடி முக்கால் ஏக்கர் யாருக்குங்கற தகராறுல ரெண்டு வருஷமா எங்களுக்குள்ள பேச்சு இல்ல.

பஸ்ஸுக்கு நின்னா ரயில் போயிடும். வண்டிய எடுத்துக்கினு அவன் வாசல்ல போய் "ஏறு"ன்னேன். ஏறிக்கினான்.

பிளாட்பாரத்துல அவன மாதிரியே இன்னும் பத்துப் பேரு பெட்டியோட நின்னாங்க. ரயில் உள்ள வர்றப்ப சொன்னான்: "அண்ணா, கிணத்தடிய நீயே எடுத்துக்கோ. மனசாரத்தான் சொல்றேன்."

"அதெல்லாம் வந்து பேசிக்கலாம், ஏறுடா"ன்னு அதட்டினேன்.

"செல்வி முழுகாம இருக்காண்ணா. பாத்துக்கோ."

அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவருதான். அவன் பெண்டாட்டி மாசமா இருக்கறது எனக்குத் தெரியாது.

திரும்பி வந்ததும் செல்விகிட்ட, பத்திரமா ஏறிட்டான், சீட்டு கிடைச்சிடுச்சுன்னு சொன்னேன். சாப்புடறப்ப என் பெண்டாட்டி கேட்டா, "நிலத்தப் பத்தி எதனா சொன்னாரா?"

ஒண்ணும் சொல்லலன்னு சொல்லிட்டேன்.