அவன் ஓட்டுகிற நாளில் குறையாத ஆயில்

ஜூலை 11, செவ்வாய்

தேக்வல்லியோங் மலையேற்றத்தில், மூன்றாவது வளைவில், ஆயில் விளக்கு சிவப்பாக ஒரு தடவை மின்னி அணைந்தது. ஒரு நொடிதான். லாரியில் பின்னால் ஐந்து டன் முட்டைக்கோஸ். ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, அளவுக் குச்சியை உருவிப் பார்த்தால் கீழ்க்கோட்டுக்கும் கீழே நிற்கிறது ஆயில். கையிலிருந்ததை ஊற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

லாரி என் பெயருக்கு மாறி நாலு மாதம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு எனக்கென்று மிஞ்சியது இது ஒன்றுதான். மார்ச்சில் வண்டிப் பூசையெல்லாம் முறையாகத்தானே போட்டேன்? பன்றித் தலை வைத்தேன். டயருக்கெல்லாம் அரிசிக் கள் ஊற்றினேன். வெள்ளை நூல் சுற்றிய காய்ந்த மீனை, வண்டிக்குக் காவலாக, யார் கண்ணும் படாத இடத்தில் நானே கட்டினேன். இதற்கு மேல் என்ன செய்யணும்?

ஜூலை 13, வியாழன்

காலையில் குச்சியில் ஆயில் மேல்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. சாயங்காலம் ஒரு விரற்கடை காணோம். தரையில் ஒரு சொட்டு இல்லை.

திங்கள், புதன், வெள்ளி என் கொழுந்தன் மான்-கி ஓட்டுகிறான். மற்ற மூன்று நாள் நான். அவன் ஓட்டுகிற நாளில் குறைவதே இல்லை. நான் ஏறினால் மட்டும் குறைகிறது. வண்டிக்கு என்னைப் பிடிக்கவில்லையா? அண்ணன் வண்டி, தம்பிக்குத்தான் அடங்குமா?

அவனிடம் கேட்டேன். "ஏன் தம்பி, ஆயில் குறையுதே, கவனிச்சியா?"

ஷூ கயிறு கட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டான். "பாத்துக்கலாம் அண்ணி."

ஜூலை 15, சனி

மெக்கானிக் பாங்கிடம் கொண்டுபோனேன். என் வீட்டுக்காரரோடு ஒரே பள்ளிக்கூடம், அதனால் எனக்கு அண்ணன் முறை. ரேடியேட்டரில் ஆயில் கலந்திருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. புகை நீலமாக வருகிறதா என்று பார்த்தார், அதுவும் இல்லை. விளக்குக்கு உத்தரவு கொடுக்கிற சுவிட்சை மாற்றினார். பிறகு தன் கை மீட்டரைச் செருகிப் பார்த்தார். சூடேறியதும் முள் இறங்கிக்கொண்டே போகிறது. விளக்கு பொய் சொல்லவில்லை.

"தங்கச்சி, கேபினைத் தூக்கி எஞ்சினைப் பாக்கணும். அரை நாள் விட்டுட்டுப் போ."

"கோஸ் காத்துக்கிட்டு நிக்குமாண்ணே? மலைமேல மூணு வயல் வெட்டிப் போட்டிருக்காங்க."

"கோஸ் நிக்காது. எஞ்சின் நின்னுடும்."

சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருந்தாலும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 16, ஞாயிறு

நேற்று வண்டிக்கு அடியில் விரித்துவைத்த அட்டைகளைப் பார்த்தேன். வாங்கியபோது இருந்த மாதிரியே, ஒரு சொட்டு ஆயில் படாமல் இருக்கின்றன.

ஜூலை 20, வியாழன்

இன்றும் ஒரு விரற்கடை. பூமி குடிக்கவில்லை, புகையாகவும் போகவில்லை. பின்னே எங்கே போகிறது?

ஜூலை 22, சனி

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

கேபினுக்குள் படுக்கைப் பலகைக்குப் பின்னால், மான்-கியின் பழைய சட்டையில் சுற்றி ஒரு நாலு லிட்டர் கேன். ஆட்டினேன். பாதி இருக்கிறது. ஆயில்.

எஞ்சினிலிருந்து உறிஞ்சி எடுக்கிறான். என் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு... குடித்துத் திரிந்த காலத்தில் அண்ணனின் ஸ்டெப்னி டயரையே விற்றவன்தானே. இரண்டு வருடமாகத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தானே, நானும் நம்பினேனே. ஏழு வருடத்துக்கு முன்னால் தன் வண்டியில் விளக்கு எரிய எரிய ஓட்டி எஞ்சினை இறுக்கிக் கொன்றவன். அவனிடமா சாவியைக் கொடுத்தேன்?

எழுத்து கோணலாகப் போகிறது.

ஜூலை 23, ஞாயிறு

கேட்டுவிட்டேன். கேனை மேசைமேல் வைத்தே கேட்டேன்.

"எத்தனை நாளா நடக்குது இது? உங்கண்ணன் வண்டியில ரத்தத்த உறிஞ்சியா குடிக்கணும் உனக்கு?"

அவன் கேனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சண்டை போடுவான், அழுவான், சத்தியம் செய்வான் என்று எதிர்பார்த்து அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தேன்.

"மூடியத் தொறந்து பாத்தீங்களா அண்ணி?"

"தொறந்து என்னத்தப் பாக்கணும்? வாசனை பிடிக்கணுமா?"

தலையை ஆட்டினான். சோற்றுக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். வீட்டைவிட்டுப் போனான்.

ஜூலை 24, திங்கள்

அவன் நாள். சாவி கொட்டகைக் கொக்கியிலேயே தொங்குகிறது. நான் ஓட்டினேன்.

ஜூலை 25, செவ்வாய்

குறைகிறது! அவன் போய்விட்டான், இருந்தும் குறைகிறது. நேற்றும் இன்றுமாக இரண்டு விரற்கடை. அப்படியானால் திருடன் யார்?

இல்லை, இதை இன்றைக்கு யோசிக்க மாட்டேன். தூங்கணும்.

ஜூலை 26, புதன்

உயிரோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

அதே மூன்றாவது வளைவு. விளக்கு மின்னவில்லை, நின்று எரிந்தது. அணைக்கக் கை போவதற்குள் இருக்கைக்கு அடியிலிருந்து புகை. கரிந்த ஆயில் நாற்றம், கூடவே என்னமோ கருவாடு தீய்கிற நாற்றம். எனக்கு மூளை குழம்பிவிட்டது என்றே நினைத்தேன். குதித்து இறங்கி, தீயணைப்பு உருளையைக் கேபினுக்கு அடியில் காலியாகும்வரை அடித்தேன். கோஸை வேறொரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். என் வண்டியைப் பாங்கின் பட்டறைக்கு இழுத்துப் போனார்கள்.

மான்-கியைக் கூப்பிடப் போனேன் போனில். பேரைத் தேடி எடுத்துவிட்டு அப்புறம்தான் நினைவு வந்தது.

ஜூலை 27, வியாழன்

பாங் கேபினைத் தூக்கினார். குனிந்தார். "தங்கச்சி, இங்க வா. இது என்ன, கருவாட்டுக் கடையா?" என்றார்.

மீன். என் மீன். மார்ச்சில் வெள்ளையாக, கட்டையாக, எலும்பும் தோலுமாக இருந்த மீன் ஆயிலைக் குடித்துக் குடித்துக் கன்னங்கரேலென்று கொழுத்து, வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. வால் பக்கம் கருகியிருக்கிறது.

வண்டியின் உயிர் எஞ்சினில்தான் இருக்கிறது, காவலும் அங்கேதான் இருக்கணும் என்று நினைத்து, கேபின் தூக்கியிருந்த ஒரு நாள் கையெட்டிய கறுப்புக் குழாயில் கட்டினேன். நூல் மட்டும் நிற்காது என்று, மூட்டை கட்டுகிற கம்பியை எடுத்து இறுக்கி முறுக்கினேன். அது எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளுகிற டர்போவுக்கு ஆயில் போகிற ரப்பர் குழாய். கம்பி முனை நாலு மாதமாக அதை அரைத்திருக்கிறது.

"சூடேறி அழுத்தம் கூடினா மட்டும் பீச்சும். பாதிய மீன் குடிச்சிடும், மிச்சம் கொதிக்கிற டர்போ மேல பட்டு எரிஞ்சிடும். நிறுத்தினா நின்னுடும். அப்புறம் தரையில எங்கேருந்து சொட்டும்?" என்றார் பாங். "நல்லவேளை, எஞ்சின் பொழச்சிது. நீயும் பொழச்ச. யாரு கட்டினது?"

நான் என்று என்னையே கையால் காட்டினேன்.

என் வீட்டுக்காரர் போனதோடு போகட்டும், இன்னொரு உயிர் போகக் கூடாது என்று கட்டியது. அதுவே என்னை எரிக்கப் பார்த்திருக்கிறது. அய்யோ, உண்மையில் எரித்தது மான்-கியைத்தான்.

ஜூலை 27, மறுபடியும்

கேன் இன்னும் சமையலறை மேசைக்குக் கீழேதான் இருந்தது. மூடியைத் திறந்தேன். வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றினேன்.

தேன் நிறம்.

ஓடின எஞ்சினிலிருந்து எடுத்த ஆயில் கறுப்பாக இருக்கும். பதினோரு வருடமாக லாரியில் ஏறி இறங்குகிறவள் நான், எனக்குத் தெரியாதா? இது புதுசு. கடையில் வாங்கியது. அவன் எடுக்கவில்லை, ஊற்றியிருக்கிறான். தன் நாளில் குறைந்ததைத் தானே ஊற்றிச் சரிக்கட்டி, மறுநாள் என் கையில் நிறைவாகக் கொடுத்திருக்கிறான். அதனால்தான் அவன் ஓட்டினால் குறையவில்லை. அதனால்தான் அவன் போனதும் இரட்டிப்பாகக் குறைந்தது.

மூடியைத் திறந்து பார்த்தீர்களா என்றுதானே கேட்டான். அந்த ஒன்றைத்தானே கேட்டான். பாவி, நான் வாசனை பிடிக்கணுமா என்றேன்.

ஜூலை 30, ஞாயிறு

மான்-கி ஜுமுன்ஜின் துறைமுகத்தில் கணவாய் மீன் பெட்டி இறக்குகிறான் என்று பாங் விசாரித்துச் சொன்னார். மீனை ஒரு பையிலும் கேனை ஒரு பையிலும் எடுத்துக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். அவனைக் கண்டதும் இரண்டையும் அவன் காலடியில் வைத்தேன்.

"தப்பு பண்ணிட்டேன் தம்பி."

குந்தி உட்கார்ந்து மீனையும் கம்பியையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"நீங்களா கட்டினீங்க?"

"நாந்தான்."

"நல்லா இறுக்கித்தான் கட்டியிருக்கீங்க." சிரிக்கவில்லை.

"ஏண்டா என்கிட்ட சொல்லல, ஆயில் குறையுதுன்னு? நான் கேட்டேனேடா அன்னைக்கே!"

"ஒரு எஞ்சினை ஏற்கெனவே தின்னவன் அண்ணி நான். இதுவும் என் கைல ஆயில் குடிக்குதுன்னு தெரிஞ்சா சாவிய வாங்கிடுவீங்கன்னு பயம். அண்ணன் வண்டி. அதுல ஏறினாத்தான் நான் மனுஷன்."

அப்போது அழுதேன். பெட்டி இறக்குகிற ஆட்களெல்லாம் பார்த்தார்கள், பார்க்கட்டும். வா என்று கூப்பிட்டேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. அடுத்த படகு வந்துவிட்டது என்று எழுந்து போனான். மீனை மட்டும், கம்பியோடு, கையில் எடுத்துக்கொண்டான், ஏன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

புதுக் குழாய். மூன்றாவது வளைவிலும் விளக்கு மின்னவில்லை. பக்கத்தில் இதைச் சொல்ல ஆளில்லை.

ஆகஸ்ட் 2, புதன்

காலையில் கொட்டகைக்குப் போனேன். கொக்கியில் சாவி இல்லை. கதவு திறந்து கிடக்கிறது, லாரி இல்லை. செருப்புகூடப் போடாமல் தெருவரைக்கும் ஓடினேன். போலீஸுக்குப் போன் போடக் கையில் எடுத்தபோதுதான் வண்டி வழக்கமாக நிற்கிற இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். தரையில் புது அட்டை ஒன்று விரித்திருக்கிறது, காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் கல். அதன்மேல் ஆயில் துடைத்த துணி, அவன் எப்போதும் மடிக்கிற மாதிரி நாலாக மடித்து. பக்கத்தில் நான் முறுக்கிய கம்பி மட்டும், நேராக நிமிர்த்தி வைத்திருந்தான்.

இன்று புதன்கிழமை. அவன் நாள்.

சந்தைக்குப் போய் ஒரு காய்ந்த மீன் வாங்கி வந்து, தட்டிக் கிழித்து, முள்ளங்கியும் முட்டையும் போட்டு சூப் வைத்தேன். அவன் கோஸைச் சியோலில் இறக்கிவிட்டுத் திரும்ப எப்படியும் சாயங்காலம் ஆகிவிடும். மணி இப்போது பதினொன்று. அடுப்பை அணைக்க மனசு வரவில்லை.